அட்டையில் இருந்த நாடி

மார்ச் 4, திங்கள்

கப்பல் மறுபடியும் கடலுக்கு வந்துவிட்டது. காலையில் சிக்பே என்கிற என் மருத்துவ அறை வாசலில் ஏழு பேர். நான்கு பேருக்கு வாந்தி, ஒருவனுக்குப் படர்தாமரை, ஒருவனுக்கு நிஜமாகவே காதுவலி, இன்னொருவனுக்கு வேலை செய்ய மனமில்லை. கடைசி ஆளுக்கு இருப்பதிலேயே கசப்பான மருந்தாகத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். நாளைக்கு வரமாட்டான்.

கடற்படையில் பெரிய கப்பல்களுக்குத்தான் டாக்டர் உண்டு. இங்கே நூற்றுப் பத்துப் பேருக்கும் மருத்துவ உதவியாளனான நான் ஒருவன். எல்லோரும் 'டாக்டர் சாப்' என்றே கூப்பிடுகிறார்கள். நான் திருத்துவதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மதியம் குடிதண்ணீரில் குளோரின் பார்த்தேன். பிறகு சமையல்கட்டுச் சோதனை. தலைமைக் குக் ஜெரால்டு மச்சாது தூத்துக்குடிக்காரர், எனக்கு ஆறு வயது மூத்தவர். நான் வள்ளியூர். இந்தக் கப்பலில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

"வாரும் டாக்டரே, பாத்திரத்த எல்லாம் நல்லா மோந்து பாரும்" என்று முறுகலாக ஒரு தோசையைத் தட்டில் போட்டார். அதிகாரிகளுக்கான மாவு. தின்று முடித்ததும் மெதுவாக, "ஒரு கேஸ் மாத்திர இருந்தா தாரும். நெஞ்செல்லாம் ஒரே எரிச்சலா கெடக்கு" என்றார்.

சட்டைப்பையில் நாலு இருந்தது, கொடுத்தேன்.

"புக்குல ஏத்திராதேயும்."

"இதுக்கெல்லாம் யாரு அண்ணாச்சி புக்கத் திறப்பா?"

சட்டப்படி ஒவ்வொரு மாத்திரையையும் பெயர் போட்டு நோயாளிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஒரே வலிக்கு ஒரு பெயர் மூன்று முறை ஏறினால் ஆளைக் கரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் அந்த இடத்துக்கு வேறு குக் வந்துவிடுவான். அவருக்குப் பதினைந்து வருஷ சேவை முடிய இன்னும் பத்து மாதம். நெஞ்செரிச்சலுக்காக ஒரு மனிதனைக் கப்பலைவிட்டு இறக்குவார்களா?

மார்ச் 6, புதன்

இன்று என் முதலுதவிக் குழுவுக்கு வகுப்பு. போர் நேரத்தில் கப்பலில் தோசை சுட வேலையில்லை. அதனால் சமையற்காரர்கள், பரிமாறுகிறவர்கள், முடிவெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர் எல்லோரும் ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டியவர்கள். எட்டுப் பேர். ரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போடச் சொன்னால் முடிவெட்டுகிற யாதவ் இறுக்கிய இறுக்கில் பரிமாறுகிறவனின் கை நீலமாகிவிட்டது. எதிரி தேவையே இல்லை.

14ஆம் தேதி கரையிலிருந்து சோதனைக் குழு வருகிறது. எஞ்சின் அறையில் வெடிவிபத்து என்று வைத்துக்கொண்டு நான்கு பேரை மேலே கொண்டுவர வேண்டும். இலக்கு, ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம். அடிபட்டவர்களாக நடிப்பவர்கள் கழுத்தில் அட்டை தொங்கும். என்ன காயம், நாடி எத்தனை, மூச்சு எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். நல்லா இருக்கிறவனின் நாடியை எண்ணி என்ன செய்ய? அட்டையில் இருப்பதைச் சத்தமாகப் படித்து அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அட்டைகளை எழுதுவதும் நான்தான்.

நடுவில் யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது ஆகிவிட்டால் 'சேஃப்கார்ட்' என்று மூன்று முறை கத்த வேண்டும். கடிகாரம் நின்றுவிடும். அதுவரை யாரும் வேஷத்தைக் கலைக்கக் கூடாது.

மச்சாது அண்ணாச்சிதான் எங்கள் நட்சத்திர நடிகர். போன வருஷம் தீக்காயம் பட்டவராக அவர் போட்ட கூச்சலில் கேப்டனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 9, சனி

மருந்து அலமாரியில் தேதி முடிந்தவற்றை எடுத்து எறிந்தேன். இரண்டு மணிநேரம் போயிற்று.

மச்சாதுவுக்கு மறுபடி ஆறு கேஸ் மாத்திரை. இடது தோளும் வலிக்கிறதாம். "அரிசி மூட்டயத் தூக்குனது புடிச்சிக்கிட்டு போல" என்றார். தைலம் கொடுத்தேன். சிகரெட்டைக் குறைக்கச் சொன்னேன். "ஒம்ம தோசையக் கொறைக்கட்டுமா?" என்று கேட்டார். இவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

மார்ச் 11, திங்கள்

நல்ல செய்தி. கரையில் மருத்துவப் பயிற்சிப் பள்ளிக்குப் பயிற்றுநர்கள் எடுக்கிறார்கள். கேப்டன் என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமைச் சோதனையில் நல்ல மதிப்பெண் வரட்டும், பரிந்துரையில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எட்டு வருஷமாக ஆடுகிற தரையில் நின்று ஊசி போட்டிருக்கிறேன். கரும்பலகை, ஆடாத தரை, 'சார்' என்று எழுந்து நிற்கும் நாற்பது பேர். நினைத்தாலே இனிக்கிறது.

ஒத்திகையில் 11 நிமிடம் 20 வினாடி. போதாது.

மார்ச் 13, புதன்

அட்டைகள் தயார். மச்சாதுவுக்கு இடது தொடை எலும்பு முறிவு, நாடி 110. மத்தியானம் சமையல்கட்டுக்குப் போனபோது, "நாளைக்கி வேற எவனையாவது படுக்கப் போடுமேன். ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். நீங்க இல்லாம நாடகமா என்று சொல்லிவிட்டேன். ஐந்து மாத்திரை.

மார்ச் 14, வியாழன்

பயிற்சி 10.05க்குத் தொடங்கியது. மச்சாதுவை மேலே கொண்டுவர 8 நிமிடம் 40 வினாடி. இந்த வருஷத்தில் இதுதான் குறைந்த நேரம் என்றார்கள். 10.27க்கு அவர் நினைவிழந்தார். உடனே கண்டுபிடித்தேன். நாடி இல்லை. நெஞ்சை அழுத்தினேன், ஷாக் இயந்திரம் இரண்டு தடவை. நாடி திரும்பியது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. மாரடைப்பு.

உயிர் இருக்கிறது. அழுத்தி அழுத்தி என் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அதிகம் எழுத முடியவில்லை. என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன்.

மார்ச் 15, வெள்ளி

கரைக்கு வந்தோம். கேப்டன் எல்லோரையும் மேல்தளத்தில் நிறுத்தி என் கையைக் குலுக்கினார். பாராட்டுப் பத்திரத்துக்கு எழுதப் போகிறாராம். கரையிலிருந்து வந்த குழுவின் தலைவரும், நடிப்புக்கு நடுவில் நிஜத்தைக் கண்டுகொள்வது எளிதல்ல என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். யாதவ் என் தலைக்கு இலவசமாக முடி வெட்டினான்.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அலைச்சல்தான் காரணம்.

மார்ச் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நாற்பது சதவீதம்தான் வேலை செய்கிறதாம். உள்ளே விடவில்லை, கண்ணாடி வழியே பார்த்தேன். அவ்வளவு பேசுகிற மனிதர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே அவர் மனைவி ஜெசிந்தா. தூத்துக்குடியிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வீங்கின கை. வலித்தது.

"தம்பி, நீங்க இல்லன்னா அவுகள நான் பொட்டியிலல்லா பாத்திருப்பேன். ஒங்க பேர்ல பூச சொல்லிருக்கேன். நல்லா இருப்பீங்க."

"அதெல்லாம் எதுக்கு மதினி" என்று மட்டும் வந்தது எனக்கு. ஒரு மக்ரூன் பொட்டலத்தைக் கையில் திணித்தார். திரும்பி வரும்போது வாசலில் நின்ற காவலாளிக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது.

மார்ச் 20, புதன்

விசாரணைக் குழு. பயிற்சியில் ஒருவருக்கு இப்படி ஆனால் விசாரணை நடப்பது வழக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று அதிகாரிகள். அவர்களில் ஒருவர் டாக்டர் நாச்சம்மை, காரைக்குடிப் பக்கம். ஆங்கிலத்தில் கேட்டார்கள், நானும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பயிற்சியின்போது அவர் சேஃப்கார்ட் என்று சொன்னாரா? இல்லை. நீங்கள் எப்போது கவனித்தீர்கள்? 10.27. அதற்கு முன் எப்போதாவது நெஞ்சுவலி என்று சிக்பேக்கு வந்தாரா?

நோயாளிப் புத்தகம் மேஜையில் திறந்து கிடந்தது. அதில் அவர் பெயர் இல்லை.

"இல்லை, சார்."

புத்தகத்தில் இருப்பதைத்தானே சொன்னேன். அவர் சிக்பேக்கு வரவும் இல்லை. நான்தான் சமையல்கட்டுக்குப் போனேன்.

மார்ச் 22, வெள்ளி

தடுப்பூசி நாள். நாற்பத்திரண்டு கைகள். பயிற்சிப் பள்ளிக்கான பரிந்துரையில் கேப்டன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தற்காலிகக் குக் ஒருவன் வந்திருக்கிறான். அவனுக்குத் தோசை சுட வராது. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 25, திங்கள்

மச்சாதுவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். போனேன். முகம் சுருங்கிவிட்டது, ஆனால் வாய் பழைய வாய்தான்.

"வாரும் டாக்டரே. என் நெஞ்செலும்பு ரெண்ட ஒடச்சிட்டீராம்லா?"

"அழுத்தும்போது ஒடையத்தான் செய்யும் அண்ணாச்சி."

"ஒடஞ்சது போட்டும். வேற ஒண்ணு சொல்லணும்" என்று ஜெசிந்தா மதினியைத் தண்ணீர் பிடிக்க அனுப்பினார். இங்கே சேர்த்தபோது டாக்டர்கள் எத்தனை நாளாக வலி என்று கேட்டிருக்கிறார்கள். மயக்கம் தெளியாத நேரம், பத்து நாளாக என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அது கேஸ்தாளில் ஏறிவிட்டது. நேற்று விசாரணைக் குழுவிலிருந்து வந்து, பத்து நாள் வலித்தும் யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னீங்க?"

"சொல்லலன்னுட்டேன். வேல போயிரும்னு பயந்து மறச்சிட்டேன்னுட்டேன்."

அவர் முகத்தையே பார்த்தேன்.

"ஏன் இப்பிடி முழிக்கீரு? ஒம்ம பேரச் சொன்னா என்னாவும்? ரெண்டு பேரும் கவுந்துருவோம். ஒருத்தன் ஏற்கெனவே கவுந்தாச்சு. நீராவது பள்ளிக்கூடத்துக்குப் போயி வாத்தியாரா நில்லும்."

நோயை மறைத்தார் என்று எழுதிவிட்டால் இந்த நோவுக்கு அவரே பொறுப்பு என்றாகும். பத்து மாதம் மிச்சமிருக்க வீட்டுக்கு அனுப்புவார்கள். பென்ஷன் கேள்விக்குறி. இரண்டு பிள்ளைகள். பெரியவள் எட்டாவது படிக்கிறாள்.

கிளம்பும்போது, அன்றைக்கு நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்ட்ரெச்சரில் கட்டியது வரைக்கும்தான் என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மார்ச் 26, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சிக்பே வரிசையில் ஒன்பது பேர்.

மார்ச் 28, வியாழன்

போய்விட்டேன். டாக்டர் நாச்சம்மையின் அறைக்கு. வாசலில் இரண்டு தடவை திரும்பி நடந்து, மூன்றாம் தடவை கதவைத் தட்டினேன்.

"மேடம், மச்சாது மறைக்கல. எங்கிட்ட மூணு தடவ சொன்னாரு. நான்தான் மாத்திர குடுத்துட்டு எழுதாம விட்டேன்."

பேனாவை மூடி வைத்தார். "இருபதாம் தேதி வரலைன்னு சொன்னீங்களே."

"பயந்துட்டேன் மேடம்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இசக்கிமுத்து, நான் உங்கள நம்பறேன். ஆனா போர்டு நம்பாது. புத்தகத்துல இல்ல. மச்சாதுவே யார்கிட்டயும் சொல்லலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க அவரோட ஊர்ப்பக்கம், அவரோட உயிரக் காப்பாத்தின ஆள். நண்பனுக்காகப் பொய் சொல்றார்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க. எழுத்துல ஏதாவது இருக்கா? எந்தத் தேதியில, எத்தனை மாத்திரைன்னு?"

"இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பாதி வழியில்தான் உறைத்தது. இருக்கிறது. இந்த நோட்டு இருக்கிறது.

மார்ச் 29, வெள்ளி

நாள் பூராவும் இந்த நோட்டைப் படித்தேன். சிக்பேயைப் பூட்டிக்கொண்டு, கணக்கெடுப்பு என்று வெளியே எழுதி வைத்துவிட்டு.

4ஆம் தேதி நாலு மாத்திரை. 9ஆம் தேதி ஆறு, தோள்வலி. 13ஆம் தேதி ஐந்து. எல்லாம் என் கையெழுத்தில். எந்த மருத்துவ உதவியாளனைக் கேட்டாலும் சொல்வான், நெஞ்செரிச்சலோடு இடது தோள் வலித்தால் என்ன அர்த்தமென்று. முதல் மாதப் பாடம் அது. அதே பாடத்தை 6ஆம் தேதி யாதவுக்கு நானே நடத்தினேன். மூன்றாவது நாள் தைலம் கொடுத்தேன். வேறு எவனாவது செய்திருந்தால் அவனை மிதித்திருப்பேன்.

இதைக் கொடுத்தால் பள்ளி போயிற்று. பாராட்டுப் பத்திரம் போயிற்று. தோளில் இருக்கிற பதவிப் பட்டையும் போகலாம். போகட்டும் என்று எழுதிப் பார்க்கிறேன். கை எழுதுகிறது, மனசு எழுதவில்லை.

13ஆம் தேதிப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். வேறு ஆளைப் போடச் சொல்லி அவர் கேட்டது அதில்தான் இருக்கிறது. மற்ற இரண்டு தேதியே அவருக்குப் போதும். பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் எவ்வளவு கேவலமான ஆள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

கிழிக்கவில்லை.

மார்ச் 30, சனி

டாக்டர் நாச்சம்மையிடம் போனில் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குழு மறுபடி கூடுகிறது, நோட்டோடு வரச் சொன்னார். அவர்தான் மொழிபெயர்ப்பார். "வேற யாரும் படிக்க வேண்டியதில்ல. ஆனா நான் எல்லாத்தையும் படிக்கணும்" என்றார்.

மார்ச் 31, ஞாயிறு

எல்லாவற்றையும் படிப்பார். அதுதான் நேற்றிலிருந்து உறுத்துகிறது.

அவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நோட்டைக் கொடுக்கிறேன். 4ஆம் தேதியை நம்பினால் 14ஆம் தேதியையும் நம்புவார்கள். 14ஆம் தேதியில் 'உடனே கண்டுபிடித்தேன்' என்று எழுதியிருக்கிறேன். பொய். என் சொந்த நோட்டில், யாரும் படிக்காத பாஷையில், எனக்கு நானே எழுதிய பொய்.

நடந்தது இது.

எஞ்சின் அறையில் அவர் சுவரோரம் கிடந்தார். வேர்த்துக் கொட்டியது. அங்கே எல்லோருக்கும்தான் வேர்க்கும். வழக்கமாகக் கூச்சல் போடுகிறவர் அன்றைக்கு முனகினார். புதுமாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன். சோதனைக் குழுவின் அதிகாரி கடிகாரத்தோடு என் முதுகுக்குப் பின்னால். நான் மண்டியிட்டு மச்சாதுவின் மணிக்கட்டைப் பிடித்தேன், இன்னொரு கையால் அட்டையைத் தூக்கிப் பார்த்து, "நாடி 110" என்று சத்தமாகச் சொன்னேன். என் விரல் அவர் நாடி மேல்தான் இருந்தது. எண்ணவில்லை. இப்போது யோசித்தால் அது தாறுமாறாக ஓடியது விரலுக்குத் தெரிந்தது. நான் அட்டையைப் படித்தேன்.

நெஞ்சுக்கு மேல் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, காலுக்கு இரண்டு பட்டை. மூங்கில் பட்டை வைத்துத் தைத்த அந்த ஸ்ட்ரெச்சரில் கட்டினால் கையைக்கூட அசைக்க முடியாது. நெஞ்சுப் பட்டையை நான்தான் இழுத்தேன். அப்போது அவர் பேசினார்.

எப்போதும் 'டாக்டரே, வாரும், தாரும்' என்கிறவர். "தம்பி, அவுத்துவிடு. நெசமாத்தான் சொல்லுதேன். ஏலாது தம்பி" என்றார்.

தமிழில் சொன்னார். சுற்றி நின்ற பதினோரு பேரில் அதைப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன். சேஃப்கார்ட் என்று அவர் சொல்லவில்லைதான். மூச்சுக்குத் தவிக்கிறவனுக்கு எந்த வார்த்தை வரும், அதைத்தான் சொன்னார். கடிகாரத்தில் மூன்று நிமிடம் ஓடியிருந்தது.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். கால் வலிக்கிறதாம் சார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து மச்சாதுவிடம், "பிரமாதம் அண்ணாச்சி, அப்படியே இருங்க" என்றேன். மேலே தூக்கினோம். 8 நிமிடம் 40 வினாடி.

அதற்குப் பிறகும் பதின்மூன்று நிமிடம் அவர் கட்டப்பட்டே கிடந்தார். மற்ற மூன்று பேரும் வந்து, பயிற்சி முடிந்தது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால்தான் அவிழ்க்கலாம். நான் ஓரடி தள்ளி நின்று என் முதலுதவிக் குழுவைப் பற்றி அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது. நிழல் என்று நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா, தெரியவில்லை. 10.27க்கு யாதவ்தான் கத்தினான். நான் கண்டுபிடிக்கவில்லை. முடிவெட்டுகிறவன் கண்டுபிடித்தான்.

அதன்பின் நெஞ்சை அழுத்தியது நான். அது உண்மை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக எல்லோரிடமும் கைகுலுக்கினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். சீருடையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

ஜெசிந்தா மதினியும் வந்திருந்தார். மச்சாது சார்பில் ஏதோ தாளில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"என்ன தம்பி, மொகமே சரியில்ல. சாப்பிட்டீங்களா? அதென்ன நோட்டு?"

சொல்லிவிட்டேன். முதலில் மாத்திரைகளைப் பற்றி. தலையை ஆட்டினார்.

"அவுக நேத்துதான் சொன்னாக. நீங்களும் பயந்திருப்பீங்க. ரெண்டு பேருக்குமே புத்தியில்ல. இப்ப நீங்க வந்து சொல்லுதீங்களே, அது போதும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுதினதை அப்படியே படித்துக் காட்டினேன். கால் வலிக்கிறதாம் சார் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு படித்தேன்.

முடித்ததும் அவர் மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டார்.

"நெசமாத்தான்னு அவுக சொன்னது ஒங்களுக்கு வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு மதினி."

"வெளங்கியுமா?"

தரையைப் பார்த்தேன். அழுகை வந்தது, அதுவும் அவர் முன்னால் எனக்கு வரக்கூடாதது.

அவர் எழுந்து எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் பாட்டில் என் பக்கத்திலேயே இருக்கிறது. குழுத்தலைவர் வரப் பத்து நிமிடமாகும் என்று ஒரு மாலுமி சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பத்து நிமிடத்தில்தான் இதை எழுதுகிறேன். மதினி என்னை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கதவு திறந்துவிட்டது. என் பெயரைச் சொல்கிறார்கள்.

"எழுதி முடிச்சிட்டியா?" என்கிறார் மதினி. "எந்திரி. நானும் உள்ள வாரேன். எங்கிட்ட வாசிச்ச மாதிரியே வாசி. ஒரு எழுத்து கொறயக் கூடாது."